வெள்ளையாக விட்ட இடம்

எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நான்கு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஆறும் இன்று அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் சாப்பிடுகின்றன. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், போர்டு பார்த்து பஸ் ஏறுவேன், கல்யாணப் பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பெயர் விட்டுப் போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். அதற்கு மேல் எழுத்துக் கூட்டப் பொறுமை கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சொல்லப் போவது எங்கள் மாடியில் குடியிருந்த ஒருத்தியைப் பற்றி. பெயர் வேண்டாம். அவள் இன்னும் எங்காவது வேலை பார்த்துப் பிழைக்க வேண்டியவள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

திருநகரில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தபோது பார்க்க வந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, தோளில் கம்ப்யூட்டர் பை, வெயிலில் காய்ந்த முகம். தண்ணீர் எப்படி என்று கேட்டாள். காலையும் சாயங்காலமும் வரும், குறை கிடையாது என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஏன்டி, நான் பொய் சொல்றேன்னு நினைச்சியா?" என்றேன்.

"இல்ல பெரியம்மா. ரெண்டு பேர் சொன்னாத்தான் என் மனசு ஒத்துக்கும்."

டீச்சரம்மாவும் நான் சொன்னதையே சொன்னதால் அவளுக்கு வீடு கிடைத்தது. மாற்றிச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் ஒருவழி பண்ணியிருப்பேன்.

குணம் என்றால் அதுதான் அவள் குணம். வேறொன்று தேட வேண்டாம். குழம்பில் உப்புப் பார்க்கச் சொன்னால், தன் நாக்குக்குச் சரியாக இருந்தாலும் என் மருமகளையும் ஒரு சொட்டு ருசிக்கச் சொல்லிவிட்டுத்தான் சரி என்பாள். கடிகாரத்தைப் பார்த்த பிறகு செல்போனிலும் மணி பார்ப்பாள். ஒருமுறை என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குச் சமயநல்லூர் போக அவளையும் அழைத்துப் போனேன். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் சமயநல்லூர் நிற்குமா என்று கேட்டாள். அவர் நிற்கும் என்றார். உள்ளே போய் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் அதையே கேட்டாள். கண்டக்டர் காதில் அது விழுந்துவிட்டது. டிக்கெட் கிழிக்க வந்தவர், "தாயி, நான் போற பஸ்ஸுக்கு அவர்ட்ட விசாரிக்கிற. டிக்கெட்டும் அவர்ட்டயே வாங்கிக்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெரியவரும் நிற்கும் என்று சொல்லிவிட்டார் அல்லவா, அவளுக்கு அது போதும்.

அவள் வேலை கடலில். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலில் என்னடி வேலை என்று நானும் கேட்டேன். தல்லாகுளத்தில் ஒரு மாடியில் அவர்கள் ஆபீஸ். ராமநாதபுரத்துக் கரையோரமாகக் கடலுக்கு அடியில் எங்கே புல் இருக்கிறது, எங்கே பவளப் பாறை, எங்கே சேறு, எங்கே வெறும் மணல் என்று வரைபடம் போடுகிறார்கள். ஆகாயத்தில் சுற்றுகிற சாட்டிலைட் எடுத்து அனுப்பும் படம் ஒரு பக்கம். வலை போடுகிறவர்களும் பாசி எடுக்கிற பெண்களும் சொல்வது இன்னொரு பக்கம். படத்தில் கருப்பாகத் தெரிவது புல்லாகவும் இருக்கும், பாறையாகவும் இருக்கும், மேகத்தின் நிழலாகவும் இருந்து தொலைக்கும். அதைச் சொல்லப் படத்துக்கு வாய் இல்லை. கரைக்காரர்களுக்கு வாய் உண்டு. ஆனால் அவர்களும் மனிதர்கள்தானே, தாத்தா பார்த்ததைத் தான் பார்த்ததாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் இரண்டும் ஒரே பேச்சுப் பேசினால்தான் அவள் வண்ணம் அடிப்பாள். புல்லுக்குப் பச்சை, பாறைக்குச் சிவப்பு, சேற்றுக்குச் சாம்பல், மணலுக்கு மஞ்சள். ஒத்துப்போகாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவாள். வெள்ளை என்றால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இவளுக்கென்றே செய்த வேலை மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் புரியவைக்கிறேன் என்று ஒருநாள் எங்கள் தெருவின் படத்தையே கம்ப்யூட்டரில் விரித்துக் காட்டினாள். என் வீட்டு மாடியை நான் வானத்திலிருந்து பார்த்தேன். அதன் மூலையில் கருப்பாக ஒரு திட்டு. இது என்ன என்று கேட்டாள். என் வீட்டு மாடி எனக்குத் தெரியாதா, அது தண்ணீர்த் தொட்டி என்றேன். டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால் அது மாமரத்து நிழல் என்கிறாள். மாமரம்தான் வெட்டியாயிற்றே என்று நான் சண்டைக்குப் போனேன். கடைசியில் பார்த்தால் படம் பழையது, மரம் நின்ற காலத்தில் எடுத்தது. தொட்டி அதற்குப் பிறகு வைத்தது. டீச்சரம்மா சொன்னதுதான் சரி என்று அவள் சொன்னாள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அதே படத்தில் எங்கள் ஊர்க் கண்மாயையும் காட்டினாள். சித்திரை வெயிலில் எடுத்திருப்பார்கள் போல, வறண்டு செம்மண் பொட்டலாகக் கிடந்தது. இதைப் பார்க்கிறவன் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்துக் கட்டிடம் கட்ட வந்துவிடுவானே என்றேன். ஆமாம் பெரியம்மா என்றாள். அப்போதே நான் சொன்னேன்: "நீ வெள்ளையா விடுறியே, அதுவும் அப்படித்தான். எதுத்த வீட்டுக்காரன் மனையில ஒரு கல்லு ஊனாம விட்டான். இப்பப் பாரு, தெரு முழுக்க அங்கதான் குப்பையக் கொட்டுது. தெரிஞ்சதோ தெரியலையோ, ஒரு கலரை அடிச்சு வையி."

அவள் சிரித்தாள். தெரியாததற்குக் கலர் கிடையாது என்றாள்.

அவள் ஊரும் அந்தக் கரையில்தான். அம்மா பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்கி வருகிறவர். கண்ணில் சதை வளர்ந்து அறுக்க வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எங்கள் மாடியில்தான் தங்கினார். என்னை அக்கா என்று கூப்பிடுவார். வாய் ஓயாது. மகள் யார் எதைச் சொன்னாலும் சரிபார்ப்பாளே, தாய் சொன்னதை மட்டுமாவது நம்புவாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை.

அவர்கள் ஊருக்கு நேரே கடலுக்குள் ஒரு இடம். அந்தப் பெண்கள் அதை மேச்சக்காடு என்பார்கள். கடல்பசு மேய வரும் இடமாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் புல் காலைச் சுற்றும், நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள்தான் ஒளியும் என்று அந்த அம்மா அதன் ஓரத்தைத் தரையில் விரலால் போட்டுக் காட்டிச் சொன்னார். எங்கள் பக்கம் ஆடு மாட்டுக்குச் சொல்கிற சொல்லைக் கடலுக்குள் கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் மகளின் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை. அங்கே எப்போதும் தண்ணீர் கலங்கியே இருக்குமாம். காற்று மாறும் சமயத்தில் கொஞ்ச நாள் தெளியும். சாட்டிலைட் அந்த நாட்களில் அந்தப் பக்கம் வர வேண்டும், வரும்போது மேகம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடினால் இன்னொன்று கூடவில்லை. படகில் கேமராவைக் கட்டி இறக்கியும் பார்த்திருக்கிறார்கள், கலங்கல்தான் வந்தது. படகுக்கு ஒதுக்கிய பணமும் தீர்ந்துபோயிற்று.

அந்த நாட்களில் நானே காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மேகமே இல்லையடி, இன்றைக்குப் படம் வந்துவிடும் என்பேன். இது மதுரை வானம் பெரியம்மா என்பாள்.

"நீ அதுல நடந்து வளந்தவதானே. ஒங் காலுக்குத் தெரியாதா அது புல்லுன்னு?" என்று தாய் கேட்டார்.

"அது அப்ப. இப்ப இருக்கான்னு நான் பாக்கல."

"நான்தான் பாத்துட்டு வாரேனே. பெத்தவ சொல்ல நம்பாம மேல சுத்துற பொட்டிய நம்புற."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு அம்மா தூங்கப் போனதும் என்னிடம் காரணத்தைச் சொன்னாள். பக்கத்து ஊர் ஒன்றில் இதே மாதிரி எல்லாரும் கூடிப் புல் இருக்கிறது என்றார்களாம். தெளிந்த தண்ணீரில் எடுத்த படத்தில் புல்லே இல்லை. வெளியூர் விசைப்படகு உள்ளே வராமலிருக்க அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனாலும் இவள் பச்சை அடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். இவளைக் கரையை விட்டு விரட்டாத குறை. நீயே போய் இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே என்றதற்கு, என் காலும் கரைக்காரக் கால்தான், படமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"அந்த ஊருக்கு முடியாதுன்னுட்டு, எங்கம்மா சொன்னா மட்டும் பச்சை அடிச்சேன்னா நான் யாரு பெரியம்மா?"

பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். நீ எக்கேடும் கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வரைபடத்தை அச்சடித்து வெளியிடுகிற நாள் வந்தது. தல்லாகுளத்தில் ஒரு ஹாலில் கூட்டம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து மாற்ற அந்த அம்மா அன்றைக்கு மதுரைக்கு வந்திருந்ததால் அவரும் வந்தார், துணைக்கு நானும் போனேன். சுவர் முழுக்க வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்ல சேலைக்கு விரித்த முந்தானை மாதிரி. அந்த அம்மா கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய் நின்றார். நம்ம ஊரு எங்கடி என்றார். மகள் காட்டினாள். அங்கிருந்து விரலைக் கடலுக்குள் நகர்த்திக்கொண்டு போனவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"மேச்சக்காடு வெள்ளைன்ன. இது மஞ்சளால்ல இருக்கு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கே அது புதுசு. வரைபடம் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் வெள்ளை இல்லை.

மேலதிகாரி நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்தவர். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அங்கங்கே ஓட்டையாக இருந்தால் அரைகுறை வேலை மாதிரித் தெரிகிறது, அதனால் கம்ப்யூட்டரை வைத்து அடைத்துவிட்டோம், அது ஓட்டையைச் சுற்றி என்ன கலர் இருக்கிறதென்று பார்த்து அதையே உள்ளேயும் நிரப்பிவிடும். எல்லா ஆபீஸிலும் செய்வதுதான். நாலு பக்கமும் மணல் இருந்தால் நடுவிலும் மணலாகத்தானே இருக்கும் என்றார்.

மஞ்சளாக இருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நான் அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தப் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டுகிற சேற்றைக் கடலில் எங்காவது கொட்ட வேண்டும். வெறும் மணல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டலாம் என்று இந்த வரைபடத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

மகள் அதிகாரியிடம் மல்லுக்கு நின்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். அது புல் என்று நீ எழுதிக் கொடு, இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன்.

ஒரு சொல். அவ்வளவுதான். தாய் பக்கத்தில் நிற்கிறார், கண்ணில் இன்னும் சிவப்புக் குறையவில்லை. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். என் ஆறு பிள்ளைகளையும் அப்படிக் கிள்ளித்தான் சபையில் பேச வைத்திருக்கிறேன்.

"புல்லுன்னு எழுத மாட்டேன் சார். மணல்னும் எழுதக் கூடாது. தெரியலைன்னு எழுதுங்க. நான் குடுத்தது அதுதான்."

"தெரியலைங்கறதுக்கா இம்புட்டு நாள் வேலை பாத்தோம்?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப் போனவர் மாதிரிச் சொன்னார்.

அந்த அம்மா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுறீகளா அக்கா?" என்றார். நான் கொண்டுபோய் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் கிளம்புவதற்குள் மருந்துச் சீட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்து மடித்து வைத்தார்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. கலெக்டர் ஆபீஸ், மீன்வளம், வனத்துறை என்று அலைந்தாள். போன இடத்திலெல்லாம் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவள் தெரியவில்லை என்றிருக்கிறாள். அடுத்து அவர்கள் என்ன பேசுவார்கள்? நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் எழுந்து போம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். புல் என்று சொல்லித் தொலைத்தால் என்ன, பொய்யாக இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று என் மருமகள் முதல் டீச்சரம்மா வரை சொல்லிப் பார்த்தோம். சுவரோடு பேசினது மாதிரி.

காற்று மாறிய ஒரு நாள், சாயங்காலம், மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டு முழங்கால் வலியோடு ஏறினேன். கம்ப்யூட்டரில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மேகம் இல்லை. நடுவில் கரும்பச்சையாக ஒரு திட்டு, ஓரம் வளைந்து வளைந்து, அவள் அம்மா தரையில் விரலால் போட்டுக் காட்டிய அதே வளைவு. அம்மா சொன்னதை வைத்துப் போட்ட கோட்டையும் ஆகாயத்துப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினாள். ஒட்டிக்கொண்டது.

"ஒத்துக்கிச்சு பெரியம்மா" என்றாள்.

ஆனால் திட்டின் ஒரு பக்கம், ஏறக்குறையப் பாதி, பால் சிந்தினது மாதிரி மங்கலாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன். கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள், சேறு பரவுகிறது என்றாள்.

எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து பச்சை அடித்தாள். எத்தனை நாள் காத்திருந்தோம் அந்தப் பச்சைக்கு. தெளிவாகத் தெரிந்த பாதிக்கு அடித்தாள். மங்கின இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்றேன். சேற்றுக்குக் கீழே புல் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியவில்லையாம். அந்தப் பாதியை மறுபடியும் வெள்ளையாகவே விட்டாள்.

அன்றைக்கு நான் கத்தின கத்தலில் டீச்சரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். என்னென்ன சொன்னேன் என்று பேத்தி எழுத வேண்டாம். வெள்ளையாக விட்டதால்தான் மஞ்சள் அடித்தான், மஞ்சள் அடித்ததால்தான் சேறு கொட்டினான், இன்னும் புத்தி வரவில்லையா என்பதுதான் சாரம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"வெள்ளையில தப்பு இல்ல பெரியம்மா. அடைச்சவங்க மேலதான் தப்பு" என்றாள்.

அந்தப் படத்தைக் காட்டிக் கொட்டுவதை நிறுத்த வைத்தாள். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு சாட்சி சேர்ந்திருக்கிறது என்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லையாம். சேறு கொண்டுபோகிற படகை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆனால் கொட்டினது கொட்டினதுதானே. அதிகாரி மேல் கோபம் வைத்தோ, தன் மேல் வைத்தோ, அடுத்த மாதமே வேலையை விட்டாள். சாவியைக் கொடுக்க வந்தபோது ஊருக்கா என்றேன். கரைக்குப் போகிறேன், அந்த வெள்ளைக்குள் இறங்கிக் காலால் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா கதவைத் திறப்பாரா என்றேன். தெரியவில்லை என்றாள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு டப்பா மாவடு கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ஒரே ஒரு தடவை போன் வந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை என்றாள். பின்னால் காற்று இரைந்தது. வேறு பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது. அதில் அவள் அம்மா குரல் இருந்ததா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவே இல்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்திவிட்டு, தாயும் மகளும் சேர்ந்துவிட்டார்கள் என்று முடித்துவிடலாமா அப்பத்தா, புல்லும் துளிர்த்தது என்று போட்டால் வாசிக்கிறவர்களுக்கு ஒரு நிறைவாக இருக்கும் என்கிறாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆசை.

வேண்டாம்மா. அந்த இடத்தை அப்படியே விடு.

சரி, எழுதின வரைக்கும் முதலிலிருந்து வாசி. நீயாக ஏதாவது அடைத்து வைத்திருக்கிறாயா என்று நான் கேட்க வேண்டும். வாசித்து முடித்ததும் தாளை உன் தம்பியிடம் கொடு. அவனும் ஒரு தடவை வாசிக்கட்டும்.